இராமநாதபுரம் கடலோரத்துக்கு எதை முதலில் கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று எந்த ஊரில் மனு எழுத உட்கார்ந்தாலும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊரில் இருப்பவர்களோடு, சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இவற்றையே கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களை அப்படியே வைத்து எங்கள் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் இருக்கின்றன. ஒருமுறை சொன்னதை மறுபடியும் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. எல்லா மாவட்டத்துலயும் பிரச்சினை இருக்கு. ராமநாதபுரம் கடலோரத்துக்கு மட்டும் என்ன தனிக் கோரிக்கை?

தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் சுமார் 1,076 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 237 கிலோமீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கரைக்கும் இரண்டு கடல்கள். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவை நம் மீனவர்கள் வடகடல் என்றும், பவளப்பாறைகளும் தீவுகளும் நிறைந்த மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் வலை வேறு, படகு வேறு, சட்டச் சிக்கலும் வேறு. கரையிலிருந்து உள்ளே வந்தால் ஆண்டுச் சராசரி மழை 827 மில்லிமீட்டர்தான். அதுவும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று அரசு ஊழியர்களை மிரட்டும் பேச்சு நம் மாவட்டத்தை மனத்தில் வைத்துத்தான் புழக்கத்துக்கு வந்தது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதன் விளைவு சிரிப்புக்குரியதன்று. தண்டனைக்குரிய இடமாக நினைக்கப்படும் மாவட்டத்துக்கு வரும் மருத்துவரும் பொறியாளரும், வந்து சேர்ந்த நாளிலிருந்தே மாறுதல் உத்தரவுக்குக் காத்திருக்கத் தொடங்குகிறார்கள். நம் கோரிக்கைகளில் பாதி புதிய கட்டடங்களைப் பற்றியவையாக இல்லாமல், இருக்கும் கட்டடங்களுக்கு ஆள் கேட்பவையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

2. அப்போ முதல்ல எதைக் கேட்கணும்? வரிசை இருக்கா?

எங்கள் வரிசை இது: குடிநீர், மீன்பிடித் தொழில், மருத்துவமனையிலும் பள்ளியிலும் நிரந்தரமாக ஆட்கள், கண்மாய்களும் கடற்கரையும் கெடாமல் காப்பது. பாலம், விமான நிலையம், புதிய ரயில் பாதை போன்றவற்றை அதற்குப் பிறகே வைக்கிறோம்.

இதில் எல்லோரும் எங்களோடு ஒத்துப்போவதில்லை. ஒரு கோரிக்கை நிறைவேறினால் அடுத்த கோடைக்குள், அல்லது அதற்கடுத்த கோடைக்குள்ளாவது, கடற்கரைத் தெருவில் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு அதன் பயன் தெரியுமா என்பதே நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல். அந்த அளவுகோலில் தேறாதவை வேண்டாதவை என்று பொருளில்லை. ஆனால் நம் கூட்டங்களின் நேரமும் நாம் திரட்டும் கையெழுத்துகளும் அளவுக்கு உட்பட்டவை என்பதால் ஏதாவது ஒன்றைப் பின்னுக்கு வைத்துத்தான் ஆக வேண்டும்.

3. காவிரித் தண்ணிதான் வந்துருச்சே, இன்னும் ஏன் குடிநீர் குடிநீர்னு சொல்றீங்க?

திருச்சி அருகே காவிரிப் படுகையில் எடுத்த நீரை இராமநாதபுரம், சிவகங்கை பகுதிகளுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ரூ.616 கோடியில் நிறைவேறியது உண்மை. அது பெரிய நன்மை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் நாம் அந்தக் குழாயின் வால் பகுதியில் இருக்கிறோம். வழியில் எங்கே உடைப்பு ஏற்பட்டாலும், மின்சாரம் நின்றாலும், மேல்பகுதியில் கூடுதலாக எடுத்தாலும், முதலில் காய்வது கடலோரத்தின் கடைசித் தொட்டிதான்.

கோடையில் சாயல்குடி, கடலாடிப் பக்கம் சென்று பார்த்தால், நீண்ட இரும்புத் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களைப் படுக்கவைத்து அடுக்கிக்கொண்டு பெண்கள் நடப்பதைக் காணலாம். மணலில் தோண்டிய ஊற்றுக்குள் இறங்கி, கசிந்து ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தை நிரப்புகிறார்கள். அவர்களில் பலர் வீட்டு வாசலில் இன்று குழாய் இருக்கிறது. ‘குழாய் இணைப்பு வழங்கப்பட்டது’ என்று பதிவும் இருக்கிறது.

ஆகவே ‘குழாய் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு வாரத்தில் எத்தனை நாள், எத்தனை லிட்டர் வருகிறது என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும்’ என்று எழுதுங்கள். அளவு வெளியே தெரிந்துவிட்டால், பற்றாக்குறை யாரும் மறுக்க முடியாத செய்தியாகிவிடும்.

4. கடல் பக்கத்துலயே இருக்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டினா முடிஞ்சுதே?

ஆலை கட்டுவது எளிது, ஓட்டுவதுதான் கடினம். கடலாடி வட்டம் நரிப்பையூரில் 1990களின் பிற்பகுதியிலேயே நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனுள்ள நிலையம் அமைக்கப்பட்டது; அந்தத் திறன் நீடிக்கவில்லை. உப்பைப் பிரிக்கும் சவ்வுகளை மாற்றுவதற்கும் மின்கட்டணத்துக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கீடு இல்லாத ஆலை, சில ஆண்டுகளில் வெறும் கட்டடமாகிவிடும்.

புதிய ஆலை கேட்பவர்கள் அந்த மனுவிலேயே இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: பத்து ஆண்டுப் பராமரிப்புக்கான நிதி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பது ஒன்று. எஞ்சும் அடர் உப்புநீரை எங்கே, கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் விடுவார்கள் என்பது மற்றொன்று. பின்னதைக் கேட்காமல் விட்டால், இன்றைக்கு ஆலை கேட்டு மனு கொடுத்த அதே ஊர், கரையோர நண்டும் இறாலும் குறைந்துவிட்டன என்று நாளை இன்னொரு மனு கொடுக்க நேரிடும்.

5. காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்தா எல்லாம் செழிக்கும்னு சொல்றாங்களே?

சுமார் 262 கிலோமீட்டர் நீளமும் ரூ.14,400 கோடி மதிப்பும் கொண்ட அந்தத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் உபரிநீரைக் கொண்டுவருவதே அதன் அடிப்படை. அது வரும்போது நம் கண்மாய்களும் வரத்துக்கால்வாய்களும் சீமைக்கருவேல் மண்டித் தூர்ந்து கிடந்தால் வந்த நீரைத் தேக்க இடமிருக்காது. வைகையின் கடைசியில் இருக்கும் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் இதே நிலைதான். இணைப்பை ஆதரியுங்கள், அதற்காகக் காத்திருந்து தூர்வாருவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

6. ‘முன்னேற விழையும் மாவட்டம்’னு அறிவிச்சாங்களே, அதனால என்ன கிடைச்சது?

ஒன்றிய அரசு 2018இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே. தனியாகப் பெருநிதி தருவது அதன் நோக்கமன்று. ஏற்கெனவே உள்ள திட்டங்களை ஒருங்கிணைத்து, 49 குறியீடுகளில் மாவட்டத்தை மாதந்தோறும் அளந்து தரவரிசைப்படுத்துவதுதான் அதன் வேலை. உடல்நலம், ஊட்டச்சத்துக்கு 30 விழுக்காடு, கல்விக்கு 30, விவசாயம், நீர்வளத்துக்கு 20 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

அந்தப் பட்டியலில் மண்வள அட்டை உண்டு, கால்நடைத் தடுப்பூசி உண்டு; மீன்பிடித் தொழிலுக்கென்று ஒரு குறியீடுகூடக் கிடையாது. நாட்டின் உள்பகுதி மாவட்டங்களை நினைத்து வரைந்த பட்டியல் என்பதால் இப்படி ஆகியிருக்கலாம். ஆனால் எதை அளக்கிறார்களோ அதற்குத்தான் ஆய்வுக்கூட்டத்தில் நேரம் ஒதுக்குவார்கள். கடலோர மாவட்டங்களுக்காவது மீன் இறங்குதளம், பனிக்கட்டி, படகுக் காப்பீடு ஆகியவற்றைக் குறியீடுகளில் சேர்க்கும்படி கேட்பது, செலவே இல்லாத ஆனால் பயன் மிகுந்த கோரிக்கை என்பது எங்கள் கருத்து. ஏனோ இதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

7. மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு, இன்னும் மருத்துவமனை கேட்கலாமா?

2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம்முடையதும் ஒன்று. ஆனால் அது மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும், கடலில் கயிறு அறுந்து கை நசுங்கிய மீனவருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ வட்ட மருத்துவமனையோதான். புதிய கட்டடம் கேட்காமல், அங்கே இரவுப் பணியில் மருத்துவரும் மயக்கவியல் நிபுணரும் இருக்க வேண்டும் என்று பணியிடத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

8. மீனவர் கோரிக்கைன்னா விசைப்படகுக்காரங்க கோரிக்கையா, நாட்டுப்படகுக்காரங்க கோரிக்கையா?

இரண்டும் ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பாக் விரிகுடாவில் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடே இந்த மோதலின் விளைவுதான். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஆனால் நாட்டுப்படகுக்காரரின் நண்டு வலை, விசைப்படகு இழுத்துச் செல்லும் மடி வலையில் சிக்கி அறுந்துபோவதும், இழப்பீடு கேட்டால் ‘எந்தப் படகு என்று நிரூபி’ என்று திருப்பி அனுப்பப்படுவதும் இன்றும் நடக்கின்றன.

இருவரும் சேர்ந்து கேட்கக்கூடியவையும் நிறைய உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்கால நிவாரணம் 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் ரூ.5,000லிருந்து ரூ.8,000ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அது தடைக்காலம் முடிந்த பிறகு வராமல் தடைக்காலத்துக்குள்ளேயே கையில் கிடைக்க வேண்டும். பனிக்கட்டி ஆலை, ஏலக் கூடத்தில் நிழலும் நல்ல தண்ணீரும், மீன் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை ஆகியவற்றில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மோதல் உள்ளவற்றைத் தனி மனுவாகவும் ஒற்றுமை உள்ளவற்றைக் கூட்டு மனுவாகவும் எழுதுங்கள்.

9. கச்சத்தீவை மீட்டா எல்லாம் சரியாயிடுமே, அதை ஏன் முதல்ல வைக்கல?

285 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவு 1974 உடன்படிக்கையால் இலங்கை வசமானது. இந்திய மீனவர்களும் வழிபாட்டுக்குச் செல்வோரும் தீவுக்குப் போய்வரலாம் என்ற வாசகம் அதில் இருந்தது. ஒரு நாட்டவர் மற்ற நாட்டின் எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்களால் உறுதியானது. மாநிலத்தின் ஒப்புதலின்றி நடந்த இந்த முடிவில் நம் மக்களுக்கு இருக்கும் மனக்குறை நியாயமானது.

ஆனால் இன்றைய கைதுகளும் படகுப் பறிமுதலும் பெரும்பாலும் தீவைச் சுற்றி நடப்பவை அல்ல; அதையும் தாண்டி இலங்கையின் வடகரைக்கு அருகே போகும் இழுவைப் படகுகளைச் சார்ந்தவை. இலங்கை 2017இல் இழுவை மீன்பிடிப்பைச் சட்டப்படி தடைசெய்தது. அந்தக் கரையில் இருப்பவர்கள் போரின்போது பல ஆண்டுகள் கடலுக்குப் போக முடியாமல் இருந்த யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவர்கள். நம் மடி அவர்களுடைய வலையை அறுக்கிறது என்பதை மறைத்துவிட்டு எழுதும் மனு எந்த மேசையிலும் நிற்காது. தீவு நம் வசம் திரும்பினாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும்.

கைதானவர்களின் விடுதலை, பறிபோன படகுக்கு இழப்பீடு, இழுவைத் தொழிலிலிருந்து மாறுவதற்கு உதவி, இரு கரை மீனவர்களும் நேரடியாகப் பேசும் ஏற்பாடு என்று பிரித்துக் கேட்கச் சொல்வது இதனால்தான். கச்சத்தீவு பற்றிய கோரிக்கையை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் நாங்கள் சொல்வதில்லை. அது டெல்லியில் தீர வேண்டியது. அது தீரும்வரை மற்றவை காத்திருக்கக் கூடாது.

10. ஆழ்கடல் படகுக்கு அவ்வளவு மானியம் கொடுத்தாங்க, நம்ம ஆளுங்க ஏன் மாறல?

2017இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ரூ.80 லட்சம் மதிப்புள்ள சூரை பிடிக்கும் படகுக்கு ஒன்றிய அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் தந்தன. 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு மீனவரின் பங்கு. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவது இலக்கு. அதன் அருகில்கூட எண்ணிக்கை வரவில்லை.

காரணம் பணம் மட்டுமன்று. ஓர் இரவு போய் மறுநாள் காலை திரும்பிப் பழகியவர்கள், வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலுக்கு மாற வேண்டும். தூண்டில் கயிறு விடும் முறையும் மீனைப் பனியில் கெடாமல் வைக்கும் முறையும் அவர்களுக்குப் புதியவை. பாக் விரிகுடாவில் ஆழ்கடல் கிடையாது. படகு தென்கடலுக்கு வந்தாக வேண்டும். மூக்கையூரில் நூறு கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இராமேஸ்வரத்திலோ தங்கச்சிமடத்திலோ குடியிருப்பவருக்கு அது அடுத்த தெரு இல்லை; வியாபாரியும் பனிக்கட்டியும் பட்டறையும் அங்கே முழுமையாக வந்து சேர்ந்தால்தான் படகும் வரும். இந்தச் சங்கிலியின் விடுபட்ட கண்ணிகளைக் கேளுங்கள். மானியத்தை இன்னும் உயர்த்தச் சொல்வது இரண்டாம் பட்சம்.

11. எங்க ஊர்ல கடல் உள்ள வருது. தூண்டில் வளைவு கேட்டா ஏன் இழுத்தடிக்கிறாங்க?

கடலோர ஊர்களில் அதிகமாகக் கேட்கப்படும் கோரிக்கை இதுதான். கரையோர நீரோட்டம் மணலை ஒரு திசையில் தள்ளிக்கொண்டே போகிறது. கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்தால் ஒரு பக்கம் மணல் சேரும்; மறுபக்கத்து ஊருக்கு வர வேண்டிய மணல் நின்றுபோய் அங்கே அரிப்பு தொடங்கும். பிறகு அந்த ஊரும் வளைவு கேட்கும். வடசென்னைக் கரையில் கல்லுக்கு மேல் கல்லாகப் போட்டுக்கொண்டே போனதை நாம் பார்த்திருக்கிறோம்.

முழுக் கரைக்கும் மேலாண்மைத் திட்டம் வகுக்காமல் இத்தகைய கட்டுமானங்களை எழுப்பக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் சொன்ன பிறகு, தனித்தனி ஊர் மனுக்கள் நகர்வது கடினமாகிவிட்டது. ஆகவே பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு, உங்கள் கரைக்கான மணல் ஓட்ட ஆய்வை முதலில் கேளுங்கள். படகை நிறுத்திக் கட்டிவைக்க இடம் வேண்டும் என்பதுதான் உண்மையான தேவை என்றால் அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது. அதற்கு வேறு தீர்வுகளும் உண்டு.

12. தேசியப் பூங்கா வந்ததாலதானே எங்க பிழைப்பு போச்சு? பவளத்தைக் காப்பாத்துறது முக்கியமா, மனுசனைக் காப்பாத்துறது முக்கியமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. அதற்கு முந்தைய காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விளைவாக இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போயின. பாறை போனால் மீன் குஞ்சு வளர இடமில்லை. ஆகவே பவளமும் மீனவர் பிழைப்பும் எதிரெதிர் தட்டுகளில் இருப்பவை அல்ல.

பூங்காவின் பாரம் எல்லார் மேலும் ஒரே அளவில் விழவில்லை என்பதுதான் உண்மையான குறை. பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் விரல்களில் துணிச் சுற்றும் கண்ணில் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்ற கட்டுப்பாட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும் என்ற அச்சமும் அவர்களுக்குத்தான். அவர்களுக்கு அடையாள அட்டை, எடுக்கும் இடமும் நாளும் குறித்த எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், மீனவப் பெண் என்ற முழுத் தகுதி ஆகியவற்றைக் கேட்பது எங்கள் பட்டியலில் மேலே இருக்கிறது.

மாற்றாகச் சொல்லப்படும் பாசி வளர்ப்பையும் யோசித்தே ஆதரிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வலமாவூரில் ரூ.127 கோடியில் அமையும் கடற்பாசிப் பூங்கா நம் கடலுக்குரிய பாசிகளின் விதைக்கு முதலிடம் தர வேண்டும் என்று கேட்கலாம்.

13. புதுப் பாம்பன் பாலம், விமான நிலையம், தலைமன்னார் கப்பல்... இதெல்லாம் வளர்ச்சி இல்லையா?

வளர்ச்சிதான். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றபின், 2025 ஏப்ரலில் புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் திறக்கப்படும்வரை இராமேஸ்வரம் தீவு ரயிலின்றி இருந்த சிரமம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டது சரி, கிடைத்ததும் மகிழ்ச்சி.

2025–26 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட இராமேஸ்வரம் விமான நிலையத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அதற்காக ஒரு நாள்கூட ஊர்வலம் போகவும் மாட்டோம். கேட்க வலுவான ஆட்கள் இருக்கும் கோரிக்கை அது. தொட்டியில் தண்ணீர் இல்லாத தெருவுக்கு அப்படி ஆட்கள் கிடையாது.

14. எண்ணெய்க் கிணறு, சேதுக் கால்வாய் மாதிரி பெரிய திட்டம் வந்தா எதிர்க்கணுமா, ஆதரிக்கணுமா?

திட்டத்தின் பெயரைக் கேட்டதும் முடிவெடுக்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படும் திட்டமென்றால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும் தமிழில் சுருக்க அறிக்கையும் தர வேண்டும். அந்தக் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்தது மட்டுமே பின்னாளில் நிற்கும். ஒலிபெருக்கியில் பேசியது காற்றோடு போய்விடும். அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் செல்ல 30 நாள்தான் அவகாசம். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கும்.

எச்சரிக்கை ஒன்று. 2020 ஜனவரியில் செய்த திருத்தத்துக்குப் பிறகு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை. இராமநாதபுரம் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி வழங்கப்பட்ட செய்தி 2025இல் வெளிவந்தபோது பல ஊர்களுக்கு அதுவே முதல் தகவல். எதிர்ப்பு எழுந்தபின் அனுமதியைத் திரும்பப்பெறச் சொல்லியிருப்பதாக மாநில அரசு அறிவித்தது. மேலும், 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா மாவட்டங்களுக்கும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களுக்கும் உரியது. நம் மாவட்டம் அதில் இல்லை. திருவாடானைப் பகுதி நெல் விவசாயிகள் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

சேதுக் கால்வாயைப் பொறுத்தவரை, 2005 ஜூலையில் தொடங்கி 2007இல் உச்ச நீதிமன்றத் தடைக்குள்ளான அத்திட்டத்தை நிறைவேற்றக் கோரி 2023 ஜனவரியில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. எங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவார்கள், கால்வாய் வழியில் வலை விடும் உரிமை என்னவாகும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் எந்தப் பக்கமும் கையெழுத்திட வேண்டாம் என்பதில் மட்டும் ஒன்றுபட்டிருக்கிறோம்.

15. கலெக்டர்கிட்ட எத்தனையோ தடவை மனு கொடுத்தாச்சு. வேற யார்கிட்ட போறது?

ஒரே மனுவில் பத்துக் கோரிக்கை எழுதினால் அது பத்துத் துறைகளுக்குப் பிரிந்து, பத்துப் பதில் வராத கடிதங்களாகும். ஒரு மனு, ஒரு கோரிக்கை, ஒரு துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் ஒன்றியத்தின் பொறுப்பு. குழாய்நீர் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு, தீவு விவகாரம் வனஉயிரினக் காப்பாளருக்கு, கைது விவகாரம் மாநிலம் வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கு. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளைவிட, மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மீன்வளத்துறை அலுவலர் எதிரிலேயே இருப்பார். பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறும்.

நம் மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள். நாடாளுமன்றத் தொகுதியோ அறந்தாங்கியையும் திருச்சுழியையும் சேர்த்துக்கொண்டு மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறது. ஒன்றியத் திட்டங்களை ஆய்வுசெய்யும் மாவட்டக் குழுவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரே தலைவர் என்பதால், அந்தக் கூட்டத்துக்கு முன் அவரிடம் கேள்வியை எழுதிக் கொடுப்பது பயன் தரும்.

16. அவங்க நிதியிலயே செஞ்சு கொடுத்துடலாமே?

தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்குச் சட்டமன்ற உறுப்பினருக்கு ரூ.3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ரூ.5 கோடி. ஏலக் கூடத்துக்குக் கூரை, மீன் உலர்த்தும் தளம் போன்றவற்றுக்கு அது போதும். துறைமுகம், குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்குத் துறைவாரி ஒதுக்கீடு வேண்டும். தொகுதி நிதியிலிருந்து ஊதியமோ பராமரிப்புச் செலவோ தர முடியாது என்பதையும் நான்காம் கேள்வியோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

17. கிராம சபைத் தீர்மானம் போட்டா அதுக்கு மதிப்பு இருக்கா? தகவல் உரிமை மனு?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். 2019இல் தேர்வான ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபை நின்றுவிடவில்லை. வருகை எண்ணிக்கை குறைந்தால் தீர்மானம் செல்லாது: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரையுள்ள ஊராட்சியில் 100 பேர், 10,000 வரை 200 பேர் தேவை. கடலோர ஊரில் காலைக் கூட்டத்துக்கு ஆண்கள் கடலிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். பெண்களைத் திரட்டுவதுதான் வழி. தீர்மானம் அரசைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் வழக்குக்கும் கருத்துக்கேட்புக்கும் அதைவிட நல்ல ஆவணம் ஊரிடம் வேறில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ‘இன்ன தேதியிட்ட எங்கள் மனுவின் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல் தேவை’ என்று கேட்டால், மனு எந்த மேசையில் தங்கியிருக்கிறது என்பது தெரியவரும்.

18. கடற்கரைக்கு மட்டும் கேட்டா கமுதி, முதுகுளத்தூர்காரங்க கோபிக்க மாட்டாங்களா?

கோபிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் அந்தக் கரிசல் காட்டு உழைப்பு. அதற்கும் குளிர்பதனக் கிடங்கும் நியாயமான விலையும் வேண்டும். மேலே கண்மாய் நிரம்பாமல் கீழே கடலோரக் கிணற்றில் உப்பேறுவது குறையாது. நீர் பற்றிய மனுக்களில் உள்நாட்டு ஊர்களின் கையெழுத்தையும், மிளகாய் பற்றிய மனுக்களில் கடலோரத்தின் கையெழுத்தையும் சேர்க்கத் தொடங்கிய பிறகு கூட்டங்களில் சத்தம் குறைந்திருக்கிறது.

19. எல்லாம் கிடைச்சு ஊர் முன்னேறினா, நிலவிலை ஏறி எங்களையே வெளியேத்திட மாட்டாங்களா?

இந்தத் தொகுப்பில் எங்களை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இது. நல்ல சாலையும் தண்ணீரும் வந்த கடற்கரையில் விடுதிக்காரரின் கண் முதலில் விழுவது, படகு ஏற்றி வைக்கும் மணல்திட்டின் மேலும் வலை காயப்போடும் வெளியின் மேலும்தான். அவற்றுக்கு யாரிடமும் பட்டா கிடையாது. வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு என்றுதான் இருக்கும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. மீனவர் குடியிருப்புகள், அவர்களுடைய பொது இடங்கள், படகுத்துறை, பனிக்கட்டி ஆலை, மீன் உலர்த்தும் தளம் ஆகியவற்றைக் கிராம அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும், மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநிலம் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் 2011 அறிவிக்கை சொல்கிறது. வரைபடத்தில் இல்லாத பொது இடத்தை, அது இருந்ததே இல்லை என்று பின்னாளில் வாதிட முடியும்.

ஆகவே பெரிய கோரிக்கை எதையும் எழுதுவதற்கு முன் ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து மாவட்டச் சுற்றுச்சூழல் பிரிவில் உங்கள் ஊரின் கடலோர மேலாண்மை வரைபடத்தைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தோடு ஒப்பிட்டு, கரைவலை இழுக்கும் இடம், வலை காயும் இடம், மீன் காயும் இடம், தண்ணீர் ஊற்று, கோயில் அல்லது தர்காவுக்குப் போகும் பாதை ஆகியவற்றைச் சர்வே எண்ணோடு பட்டியலிடுங்கள். விடுபட்டவற்றைச் சேர்க்கும்படி கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டக் கடலோர மண்டலக் குழுவுக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 17ஆம் கேள்வியில் சொன்ன பத்து ரூபாய் மனு இருக்கிறது.